தன் கணக்கைத் தானே பார்த்த நகரம்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென விழாக் குழுவினர் நம்மைக் கேட்டனர். நம் முன்னோர் பட்ட பாட்டையும், நம் தலைவர்கள் ஆற்றிய தொண்டையும் எழுதத் தக்கார் பலர் இம்மலரில் உளர். ஆகவே, நாம் கடல் கடந்த ஒரு நகரத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் என்பதே அந்நகரம்.

“நம் காலனிப் பிள்ளைகளுக்குச் சியாட்டில் எதற்கு?” என்று கேட்பார் இருக்கலாம். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் அந்நகர மன்றம், சாதியைக் காரணமாகக் கொண்டு எவரையும் வேறுபடுத்தி நடத்தலாகாது என்று சட்டம் இயற்றியது. அமெரிக்க நகரங்களுள் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. நம் நாளேடுகளில் அச்செய்தி ஒருநாள் வந்து மறைந்தது. ஆயின், அச்சட்டம் ஒரே நாளில் பிறந்ததன்று. மனிதரை நிறம் பார்த்து விலக்கி வைத்த ஒரு நகரம், நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின், தன் அலுவலகக் கணக்கைத் தானே புரட்டிப் பார்த்துத் தவற்றைத் தேடக் கற்றுக்கொண்டது. அக்கல்வியின் தொடர்ச்சியாகவே சாதி பற்றிய சட்டமும் வந்தது. அவ்வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அதில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு.

பெயர் அவருடையது, ஊர் அவருடையதன்று

1851ஆம் ஆண்டின் இறுதியில் வெள்ளையர் சிலர் கப்பலில் வந்து அக்கரையோரத்தில் குடியேறினர். துவாமிஷ், சுக்குவாமிஷ் என்னும் தொல்குடி மக்கள் அந்நிலத்தில் வாழ்ந்துவந்தனர். வந்தவர்களுக்கு அம்மக்களின் தலைவர் உதவினார். அவர் பெயரே வெள்ளையர் நாவில் திரிந்து ‘சியாட்டில்’ என ஊருக்குப் பெயராயிற்று. 1855இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் நிலம் கைமாறியது. 1865ஆம் ஆண்டு ஜனவரியில் சியாட்டில் ஒரு நகராக அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே அதன் ஆட்சிக் குழு தனது ஐந்தாவது விதியை இயற்றியது. தொல்குடி மக்கள் எவரும் நகரத்தின் தெருவிலோ, சந்திலோ, வெற்று மனையிலோ குடியிருக்கலாகாது என்பது அவ்விதி. அவர்களை வேலைக்கு வைத்திருப்போர் தம் இடத்திலோ அதன் அருகிலோ தங்க வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விலக்கும் அளிக்கப்பட்டது.

இவ்விலக்கின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. உழைப்பு ஊருக்குள் வரலாம். உழைப்பவன் ஊருக்குள் குடியிருக்கலாகாது. ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிரிந்த மண்ணில் பிறந்த நமக்கு இது பழகிய நீதியே ஆகும். எவருடைய பெயரை அந்நகரம் சூடிக்கொண்டதோ, அவருடைய மக்களுக்கு அந்நகரத்தில் இடமில்லாமற் போயிற்று. அந்நகர அமைப்பு 1867இல் கலைக்கப்பட்டதால் அவ்விதியும் வீழ்ந்தது. 1869இல் நகரம் மீண்டும் அமைந்தது. விதி போயிற்றே ஒழிய, விலக்கி வைக்கும் வழக்கம் போகவில்லை.

அடுத்து அதற்கு இலக்கானோர் சீனர். இருப்புப்பாதை இடவும், சுரங்கங்களில் உழைக்கவும் வரவழைக்கப்பட்ட அவர்கள், வேலை குறைந்த காலத்தில் பகைவராகக் கருதப்பட்டனர். 1886ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ஒரு கும்பல் சீனர் வாழ்ந்த வீடுகளுக்குள் புகுந்து, அவர்களைத் துறைமுகத்திற்கு இழுத்துச் சென்று கப்பலேற்ற முற்பட்டது. கலகம் பெருகி, இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. ஆயினும் சீனருள் பெரும்பாலோர் அந்நகரை விட்டு அகன்றனர்.

பத்திரத்தில் எழுதிய தீண்டாமை

இருபதாம் நூற்றாண்டில் விலக்குதல் நாகரிக உடை அணிந்துகொண்டது. கும்பலுக்கு மாற்றாகப் பத்திரம் வந்தது. 1920களில் தொடங்கி, மனைகளை விற்ற நிறுவனங்களும் வீட்டு உரிமையாளர்களும் கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனையை எழுதி வைத்தனர். இம்மனையைக் கறுப்பினத்தவருக்கோ, ஆசியருக்கோ, சில இடங்களில் யூதருக்கோ விற்கவும் வாடகைக்கு விடவும் கூடாது என்பது அந்நிபந்தனை. வாங்கியவர் மனம் மாறினாலும் பத்திரம் மாறாது. அது அடுத்த தலைமுறையையும் கட்டுப்படுத்தும். இவ்வாறு நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் எண்ணற்ற மனைகள் கறுப்பினத்தாருக்கு மூடப்பட்டன. எஞ்சியது நகரின் நடுவே அமைந்த ‘சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட்’ என்னும் பகுதியே.

1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் அமைப்பொன்று நகரங்களுக்கு வரைபடம் தீட்டியது. கடன் கொடுக்கத் தகாத பகுதி எனக் கருதியவற்றில் சிவப்பு வண்ணம் தீட்டியது. கறுப்பினத்தார் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாயின. வெளியே வீடு வாங்கப் பத்திரம் தடுத்தது. உள்ளே வீட்டைப் பழுது பார்க்க வங்கி மறுத்தது. பின்னர், ‘அப்பகுதி பாழடைந்து கிடக்கிறது; அம்மக்களுக்கு ஒழுங்கில்லை’ என்று பழித்தனர். கிணற்றைத் தடுத்துவிட்டு, குளிக்காதவன் என்று இகழ்ந்த கதை நமக்குப் புதிதன்று.

இரண்டாம் உலகப் போரின்போது போயிங் விமானத் தொழிற்சாலையும் கப்பல் கட்டும் தளங்களும் ஆட்களைத் தேடின. தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர் வந்து குவிந்தனர். 1940இல் 3,789ஆக இருந்த அவர்களின் தொகை 1950இல் 15,666ஆக உயர்ந்தது. மக்கள் நான்கு மடங்காயினர். குடியிருக்கும் எல்லையோ விரியவில்லை. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பு வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. தரகர் வீடு காட்ட மறுத்தனர். உரிமையாளர் ‘வீடு போய்விட்டது’ என்றனர். அதைத் தண்டிக்கச் சட்டம் இல்லை.

மக்கள் மறுத்த நீதி

1961ஆம் ஆண்டு நவம்பரில் மார்ட்டின் லூதர் கிங் சியாட்டிலுக்கு வந்தார். அவர் அந்நகருக்கு வந்தது அந்த ஒரு முறையே. அவர் பேசுவதற்கு இடம் தர இசைந்திருந்த ஒரு தேவாலயம் பின்னர் மறுத்துவிட்டது. பல்கலைக்கழகத்திலும், கறுப்பின மாணவர் மிகுதியாகப் பயின்ற கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியிலும் அவர் உரையாற்றினார்.

அடுத்த ஆண்டில் விங் லூக் என்னும் சீன மரபினர் நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீடு வாங்கவும் வாடகைக்குப் பெறவும் நிற வேறுபாடு கூடாது என்னும் சட்டத்திற்காக அவர் வாதாடினார். 1963ஆம் ஆண்டு ஜூலையில் இளைஞர்கள் மேயர் அலுவலகத்திற்குள் சென்று உட்கார்ந்து மறியல் செய்தனர். ஊர்வலங்கள் நடந்தன. மன்றம் சட்டத்தை ஆக்க முன்வந்தது. ஆனால், தானே முடிவு செய்யத் துணியாமல் அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது. 1964ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் வாக்கெடுப்பு நடைபெற்றது. இரண்டுக்கு ஒன்று என்னும் அளவையும் தாண்டி மக்கள் அச்சட்டத்தைத் தோற்கடித்தனர்.

இளைஞர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுங்கள். வாக்குரிமை பெரிது, மக்களாட்சி பெரிது. ஆயினும் சிறுபான்மையினரின் மனித உரிமையைப் பெரும்பான்மையினரின் விருப்பத்திற்கு விட்டால் என்ன நேரும் என்பதற்கு இவ்வாக்கெடுப்பு சான்றாகும். பெரும்பான்மை ஆட்சி வகுப்புவாதப் பெரும்பான்மையின் ஆட்சியாகிவிடலாகாது என்று அண்ணல் அம்பேத்கர் ஓயாது எச்சரித்ததன் பொருள் இதுவே.

1967ஆம் ஆண்டு சாம் ஸ்மித் என்னும் கறுப்பினத்தவர் முதன்முதலாக நகர மன்றத்திற்குத் தேர்வானார். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் தீ மூண்டது. ஏப்ரல் 19ஆம் நாள், சாம் ஸ்மித் முன்னின்று கொணர்ந்த வீட்டு உரிமைச் சட்டத்தைச் சியாட்டில் மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. மீண்டும் வாக்கெடுப்புக்குச் செல்லாதவாறு, உடனடியாக நடைமுறைக்கு வரும் சட்டமாகவே அதனை ஆக்கினர். நான்கு ஆண்டுகளுக்கு முன் மக்கள் மறுத்த அதே நீதியை, ஒரு மாமனிதரின் குருதி சிந்திய பின்னரே நகரம் வழங்கிற்று.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. சியாட்டில் அமைந்துள்ள மாவட்டத்திற்குக் ‘கிங் கவுண்டி’ என்று பெயர். 1852இல் அப்பெயர் இடப்பட்டபோது அது வில்லியம் ரூபஸ் கிங் என்னும் அரசியல் தலைவரைக் குறித்தது; அவர் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். 1986இல் மாவட்ட மன்றம், பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, இனி அது மார்ட்டின் லூதர் கிங்கையே குறிக்கும் என்று தீர்மானித்தது. 2005இல் மாநில அரசும் அதைச் சட்டமாக்கியது. 1989ஆம் ஆண்டுத் தேர்தலில் நார்ம் ரைஸ் என்னும் கறுப்பினத்தவர் சியாட்டிலின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்தில் நகர மக்களுள் கறுப்பினத்தார் பத்தில் ஒரு பங்கினரே. வெள்ளையர் வாக்களிக்காமல் அவர் வென்றிருக்க இயலாது. மக்கள் மனம் மாறாதது அன்று; மாறுதற்குக் காலமும் கிளர்ச்சியும் சட்டமும் வேண்டும்.

புகார் வாராத தெரு

சட்டம் வந்தது, கறுப்பின மேயரும் வந்தார். அத்துடன் நீதி நிறைவெய்தியதா? இல்லை. கல்வியிலும், வருவாயிலும், உடல்நலத்திலும், சிறைக்குச் செல்வோர் தொகையிலும் நிறத்திற்கு நிறம் வேற்றுமை நீடித்தது. போதாக்குறைக்கு, 1998இல் வாஷிங்டன் மாநில மக்கள் வாக்கெடுப்பில், அரசு வேலை, ஒப்பந்தம், கல்வி ஆகியவற்றில் இன அடிப்படையிலான முன்னுரிமை கூடாது என்று முடிவு செய்தனர். நம் நாட்டு மொழியில் சொன்னால், இட ஒதுக்கீட்டுக்கு ஒப்பான வழிகள் அங்கு அடைக்கப்பட்டன.

இந்நிலையில்தான் 2004ஆம் ஆண்டு, மேயர் கிரெக் நிக்கல்ஸ் காலத்தில், சியாட்டில் நகராட்சி ‘இன, சமூக நீதி முனைப்பு’ என்னும் பணியைத் தொடங்கியது. அதன் அடிப்படைக் கருத்து எளியது. கொடியவன் ஒருவன் வெறுப்புடன் செய்வது மட்டுமே அநீதி என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், எவரையும் வெறுக்காத எழுத்தர், விதிப்படி கோப்பை நகர்த்தும் அலுவலர், ஆண்டுதோறும் ஒரே முறையில் தீட்டப்படும் வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றாலும் ஒரு சாராருக்கு மட்டும் தொடர்ந்து குறைவே வந்து சேரலாம். அலுவலகத்தின் வழக்கமே அநீதியின் கருவி ஆகலாம். ஆகவே நகராட்சி ஊரைத் திருத்தப் புறப்படும் முன் தன்னைத் திருத்த வேண்டும் என்பதே அக்கருத்து.

அதற்கெனப் பணியாளருக்குப் பயிற்சி அளித்தனர். துறைதோறும் மாற்றத்திற்கான குழுக்களை அமைத்தனர். புதிய திட்டமோ, விதியோ, செலவோ வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்தனர். இதனால் எத்தகைய பயனை நாடுகிறோம்? பாதிக்கப்படும் மக்களைக் கேட்டோமா? புள்ளி விவரம் என்ன சொல்கிறது? நன்மை எவருக்கு, சுமை எவருக்கு? தீங்கைக் குறைக்க என் செய்யலாம்? முடிவில் விளைந்தது என்ன என்று யாரிடம் கணக்குக் காட்டுவோம்? இவையே அக்கேள்விகளின் சாரம்.

இதன் பயனை விளக்கத் தெருவிளக்குக் கதை ஒன்றே போதும். சியாட்டிலில் மின்சாரம் வழங்குவது நகராட்சிக்கே உரிய ‘சிட்டி லைட்’ என்னும் நிறுவனமாகும். தெருவிளக்கு அணைந்துவிட்டால், அதைப் பற்றிப் புகார் வந்த பின் மாற்றுவதே அங்கு முறையாக இருந்தது. அனைவருக்கும் ஒரே விதி, கேட்டவருக்கெல்லாம் செய்தனர். குறை என்ன இருக்கிறது? ஆனால், கணக்கைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. வசதியுள்ள பகுதியினர் உடனே புகார் செய்தனர். ஏழைகளும் சிறுபான்மையினரும் வாழ்ந்த பகுதிகளிலிருந்து புகார் குறைவாகவே வந்தது. அங்கு விளக்குகள் அணைந்தே கிடந்தன. அதன்பின் முறையை மாற்றினர். விளக்கு எத்தனை காலம் எரியும் என்பதைக் கணக்கிட்டு, புகாருக்குக் காத்திராமல், பகுதி பகுதியாக மாற்றலாயினர்.

இச்செய்தியைப் படித்தபோது நமக்குப் பழைய நினைவொன்று வந்தது. நாம் முன்னர்ப் பணியாற்றிய சிற்றூர் ஒன்றில், காலனித் தெருவில் விளக்குக் கம்பம் உண்டு, விளக்கு எரிவதில்லை. பொதுத்தேர்வுக் காலத்தில் நம் பத்தாம் வகுப்பு மாணவர் மூவர், கடைத்தெரு விளக்கின் கீழ் அமர்ந்து படித்ததைக் கண்டு, உரிய அலுவலகத்திற்குச் சென்று கேட்டோம். அங்கிருந்தவர் மரியாதையுடன் நாற்காலி தந்து, பதிவேட்டைப் புரட்டிக் காட்டி, “காலனியிலிருந்து புகாரே வரவில்லையே, சார்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. அப்படி ஒரு பதிவேடு இருப்பதே காலனி மக்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் முன்பொரு முறை சென்று, வாயிற்படியருகே நெடுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருந்தார். அம்மாணவருள் ஒருவர் அவருடைய மகன். அன்று நம் கையால் புகார் எழுதி ஒப்பமிட்டோம். நான்காம் நாள் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்ததில் மகிழ்ந்தோம். ஆனால், அத்தந்தை நின்றபோது எழுதப்படாத வரி, தலைமையாசிரியர் சென்றபோது எழுதப்பட்டதே என்னும் வருத்தம் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. நல்ல தாய் அழுகைக்குக் காத்திருப்பதில்லை. நேரம் அறிந்து ஊட்டுவாள். கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே வழங்கும் அலுவலகம், கேட்கும் வழியறியாதவனின் மௌனத்தை நிறைவு என்று எழுதிக்கொள்கிறது. சியாட்டில் நகராட்சி கற்ற முதற்பாடம் இதுவே.

2009இல் நகர மன்றம் இம்முனைப்பைத் தீர்மானமாக ஏற்றது. ஒருமுறை சிறை சென்றவர் என்பதனாலேயே விண்ணப்பத்தின் தொடக்கத்தில் ஒருவரை ஒதுக்கிவிடலாகாது என 2013இல் வேலைவாய்ப்புச் சட்டம் இயற்றியது. 2023இல் இம்முனைப்பையே நகரச் சட்டமாக்கியது. மேயர்கள் மாறினர், பணி தொடர்ந்தது.

குறையும் கூறல் வேண்டும்

வரலாறு எழுதுவோர் புகழை மட்டும் எழுதலாகாது. நீதியை நாடுவதாக அறிவித்த அதே நகரத்தின் காவல்துறை, அளவுக்கு மீறி வன்முறையைக் கையாள்கிறது என்று 2011இல் அமெரிக்க நீதித்துறை கண்டறிந்தது. 2012இல் நீதிமன்ற மேற்பார்வையில் சீர்திருத்தம் செய்ய நகரம் உடன்பட வேண்டியதாயிற்று. அறிவிப்புப் பலகை வேறு, தெருவில் நடப்பது வேறு என்பது அங்கும் உண்மை.

அதனினும் துயரமானது சென்ட்ரல் டிஸ்ட்ரிக்டின் கதை. 1970ஆம் ஆண்டு அங்கு வாழ்ந்தோருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். நகரத்தில் கணினித் தொழில் செழித்து, மனை விலை வானளாவியது. பழைய குடிகள் வரியும் வாடகையும் தாங்காமல் நகருக்கு வெளியே பெயர்ந்தனர். 2010களில் அங்கு கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்தனர். ஒரு காலத்தில், இங்கே மட்டும்தான் வாழலாம் என்று அடைத்து வைத்தனர். இன்று அவ்விடமும் கைக்கு எட்டாததாயிற்று. எங்கும் வாழலாம் என்று சட்டம் உரிமை தந்தது. வாழ்வதற்கான பொருளை எவரும் தரவில்லை. சட்ட உரிமை தாமதமாக வந்தால், பொருளியல் அதை முந்திச் சென்றுவிடும்.

இதற்கு மாற்றுத் தேடும் முயற்சியும் நடைபெறுகிறது. வங்கிகள் கடன் மறுத்த காலத்தில், 1968இல், அப்பகுதி மக்கள் ‘லிபர்ட்டி வங்கி’ என்னும் தம் வங்கியைத் தொடங்கினர். அமெரிக்க வடமேற்கில் கறுப்பினத்தார் உரிமையில் அமைந்த முதல் வங்கி அது. வங்கி மறைந்த பின், அது நின்ற இடத்தில் எளியோருக்கான 115 வீடுகள் கொண்ட கட்டடம் நகராட்சியின் நிதியுதவியுடன் எழுப்பப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. வெளியேறியோர் தொகையை நோக்க 115 வீடு சிறிது. ஆயினும், இழந்த இடத்தில் மீண்டும் கால் ஊன்றிய தொடக்கம் அது.

நிறத்திலிருந்து சாதிக்கு

இனி, சாதிச் சட்டத்திற்கு வருவோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்திற்கும் நம் போராட்டத்திற்கும் உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதினார். தீண்டப்படாதார் நிலையும் அமெரிக்கக் கறுப்பினத்தார் நிலையும் பெரிதும் ஒத்திருத்தலைக் குறிப்பிட்டு, ஐக்கிய நாடுகள் அவையில் அவர்கள் அளிக்கும் விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். டூபாய்ஸ் பரிவுடன் விடையளித்தார்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் நம் போன்ற சமூகத்துப் பிள்ளைகள் பயின்ற பள்ளியொன்றுக்குச் சென்றபோது, அதன் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று மாணவருக்கு அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்ட கிங், தம் மக்கள் அடைபட்டுக் கிடந்த நிலையை எண்ணி, ஆம், நானும் தீண்டப்படாதவனே என்று உணர்ந்ததாகப் பின்னர்ச் சொற்பொழிவில் கூறினார். பெயர் அறியாத அத்தலைமையாசிரியர் ஒரே தொடரில் இரு கண்டங்களை இணைத்துவிட்டார்.

கணினித் தொழிலால் அண்மைப் பதிற்றாண்டுகளில் தெற்காசியர் பலர் சியாட்டில் பகுதியில் குடியேறினர். மனிதர் சென்ற இடத்திற்குச் சாதியும் பெட்டியோடு பெட்டியாகச் சென்றது. பணியிடத்திலும், வாடகை வீடு தேடும்போதும், நண்பர் குழுவிலும் சாதி கேட்கப்படுவதை அங்குள்ள நம்மவர் நகர மன்றத்தின் முன் எடுத்துரைத்தனர். நகரச் சட்டத்தில் நிறம் இருந்தது, மதம் இருந்தது, பால் இருந்தது. சாதி இல்லை. மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த் அச்சொல்லைச் சேர்க்கும் சட்ட முன்வடிவைக் கொணர்ந்தார். இச்சட்டம் ஒரு சமூகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் என்று எதிர்த்தோர் உண்டு. சாதி பாராதவருக்கு அச்சட்டத்தால் அச்சமில்லை என்று ஆதரித்தோர் விடை கூறினர். ஆறுக்கு ஒன்று என்னும் வாக்கில் சட்டம் நிறைவேறியது. வேலை, வீடு, பொது இடங்கள் ஆகியவற்றில் சாதி வேறுபாடு குற்றமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரமும் அவ்வழியைப் பின்பற்றியது. ஆயினும், கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சாதித் தடை முன்வடிவை அம்மாநில ஆளுநர் அக்டோபரில் ஏற்க மறுத்தார். போராட்டம் முடிந்துவிடவில்லை.

நமக்குரிய பாடம்

இத்தகைய சட்டங்களுக்கு நாம் அமெரிக்காவைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. பொதுச்சாலை, பொதுக்கிணறு ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்தத் தடையிருக்கலாகாது என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். சியாட்டிலுக்குக் கறுப்பின மேயர் கிடைப்பதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்பே, 1937இல், ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னை நகர மேயரானார். 2022இல் நம் சமூகத்துப் பெண் ஒருவர் முதன்முதலாக அம்மாநகரின் மேயரானார். நம்மிடம் சட்டத்திற்குக் குறைவில்லை. பதவியும் ஓரளவு வந்தது. எனினும் நம் தெருவின் குடிநீர்க் குழாயும், சுடுகாட்டுப் பாதையும், கழிவுநீர்க் கால்வாயும் கடைசியாகவே வருவது ஏன்?

விடை சியாட்டிலின் தெருவிளக்கில் இருக்கிறது. அலுவலகத்தின் கணக்கைத் திறந்து, எத்தெருவிற்கு எவ்வளவு, எவருக்கு எப்போது என்று கேட்பவர் இல்லாதவரை, நல்ல சட்டமும் ஏட்டில் உறங்கும். சியாட்டில் நகராட்சி தானாகவே இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. 1963இல் மேயர் அறையில் உட்கார்ந்த இளைஞரும், நாற்பதாண்டுகள் ஓயாத மக்களும் அதைக் கேட்க வைத்தனர்.

நம் கழகம் ஓர் இரவுப் பள்ளியாகத் தொடங்கி இன்று பட்டதாரிகளை ஈன்றுள்ளது. அப்பட்டதாரிகளிடம் நாம் வேண்டுவது ஒன்றே. ஊராட்சியின் வரவு செலவைப் படியுங்கள். கிராம சபைக்குச் சென்று எழுந்து பேசுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதப் பழகுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். உங்களுள் அரசு அலுவலராகி நாற்காலியில் அமர்வோர், புகாருக்குக் காத்திராமல் பதிவேட்டில் வெற்றாகக் கிடக்கும் பக்கத்தைப் பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து ஒரு வரியும் வரவில்லையோ, அந்தத் தெருவிற்கே முதலில் செல்லுங்கள்.

வாயிற்படியருகே நின்று திரும்பிய அத்தந்தையின் மகன் இன்று ஓர் ஆசிரியர். நம் கழகத்தின் மாலை வகுப்பில் கணக்குப் பாடம் கற்பிக்கிறார். அவ்வகுப்பில் பயிலும் பிள்ளைகள் எந்த அலுவலக வாயிலிலும் நில்லாமல் உள்ளே சென்று, கணக்கைக் கேட்கும் நாளே நம் கழகத்தின் பொன்விழா நாளாகட்டும்.